கிருஷாந்தினி செய்த தோடு

நகை வடிவமைப்புப் படிக்கக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், கம்பி வேலையில் அம்ஹாவை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை. தலைமுடிபோல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருட்டிப் பற்றவைத்து அவள் ஒரு பூச் செய்தால், பற்றவைத்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில், வாப்பா ஓட்டிய ஆட்டோ கல்முனைப் பிரதான வீதியில் குடைசாய்ந்தது. வாப்பாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் இருந்த அம்ஹாவுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்தார்கள், காயமும் ஆறியது. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் உணர்ச்சி மட்டும் திரும்பவேயில்லை.

மறுபடி வகுப்புக்கு வந்தபோது, சாமண இடுக்கியில் கம்பி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. சுடர் பட்டு விரல் கொப்பளித்ததைக்கூடப் பக்கத்திலிருந்த கிருஷாந்தினிதான் கண்டு சொன்னாள். கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்புப் பெண். முதல் நாளிலிருந்தே இருவருக்கும் ஒரே மேசை.

இறுதித் தேர்வுக்கு ஒரு சோடித் தோடு செய்ய வேண்டும். அம்ஹா தாளில் வரைந்தது அழகாகத்தான் இருந்தது. வெள்ளியில் அது ஒவ்வொரு முறையும் உருகிக் கட்டியாகிப் போனது.

"விடுகா, நான் செய்து தாறன். வடிவம் உன்டதானே," என்றாள் கிருஷாந்தினி.

"தெரிஞ்சா என்ன செய்ற?"

"ஆருக்குத் தெரியப் போகுது?"

அம்ஹா வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேர்வன்று வெளியூர்ப் பரீட்சகர் தோட்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் புரட்டினார். அம்ஹாவின் தழும்பையும் பார்த்தார்.

"இந்தக் காயத்தோடயா செய்தனீங்க? இப்பிடி ஒரு கை லேசில வாய்க்காது மகள்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

"இது என்ட கை இல்ல சேர். கிருஷாந்தினி செஞ்சது."

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே நின்ற கிருஷாந்தினியின் முகத்தைப் பார்த்தாள்.

இருவரின் வேலையையும் ஒதுக்கி வைத்தார்கள். வகுப்பாசிரியை சுல்பிகா மிஸ் எவ்வளவோ கதைத்துப் பார்த்தும் பரீட்சகர் இரங்கவில்லை. அந்த ஆண்டு இருவருக்கும் சான்றிதழ் இல்லை என்றாயிற்று. சான்றிதழோடு வரச் சொல்லிக் கொழும்புப் பட்டறை ஒன்று கிருஷாந்தினியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அதுவும் போயிற்று.

பஸ் தரிப்பிடத்தில் அவள் கேட்டாள், "வாய மூடிக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சா உனக்கு?"

"அவர் என்ட கையப் புகழ்ந்தாரு புள்ள. கேட்டுக்கிட்டு நிக்க முடியல்ல."

"நான் உனக்காகத்தானேகா செய்த!"

முதலில் வந்த பஸ்ஸில் கிருஷாந்தினி ஏறிக்கொண்டாள். அம்ஹா நின்ற பக்கம் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் உம்மா காத்திருந்தார்.

"என்ன மகள் சொன்னாங்க?"

"வேல நல்லாரிக்காம் உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு உம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார். உம்மாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அம்ஹாவுக்குச் சில மாதம் கழித்து, நோன்பு காலத்தில்தான் வந்தது. அதற்குள் கிருஷாந்தினி மட்டக்களப்பில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருப்பதாக வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். யாரோ செய்த தோடுகளை எடுத்துக் காட்டுகிற வேலை. அம்ஹா பலமுறை அழைத்துப் பார்த்தாள். தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.