கடைசிப் பெட்டி வரும்வரை

பீற்றரின் உதடுகளில் ஈரப் பஞ்சை ஒற்றிய மேரிகிறேஸ், அடுத்த மூச்சு வரும்வரை கையை எடுக்காமல் நின்றாள். வந்தது. தொண்டைக்குள் கூழாங்கல் உருள்வது போல ஒரு சத்தம். பிறகு நெடிய நிறுத்தம். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எத்தனையோ டேனிஷ் கிழவர்களின் கட்டிலருகே இருந்து இந்த நிறுத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். போர்வையை விலக்கிக் கணவனின் முழங்காலைப் பார்த்தாள். தோலில் ஊதாத் திட்டுகள் படர்ந்திருந்தன.

இன்றைக்குத்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

யன்னலுக்கு வெளியே, கடலை நோக்கி இறங்கும் சரிவு முழுக்க ஆட்கள். பிரெடெரிசியா நகரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், அயலிலுள்ள டேனிஷ்காரர்கள், மாதா கோவிலுக்கு வருகிற போலந்துக்காரர் இருவர். கையில் கத்தரிக்கோலும் காலடியில் சிவப்புப் பெட்டியுமாகத் திராட்சை வரிசைகளுக்குள் குனிந்திருந்தார்கள். நாளைக்கென்று சொல்லியிருந்த புயல் இன்று பின்னேரமே வருகிறதென்று விடியற்காலையில் வானிலை அறிக்கை மாறியது. பழுத்த திராட்சையில் பெருமழை விழுந்தால் தோல் வெடித்து இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் நிலத்துக்காரி இங்கர் கிடைத்தவர்களையெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

வீடும் இங்கருடையதுதான். நோய் முற்றியதும், "எங்கடை வீட்டிலை படுத்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், என்னை இங்கரின்ரை அறையிலை கொண்டுபோய் விடு" என்று பீற்றர் கேட்டார். கட்டிலை யன்னலோரம் போட்டார்கள்.

தொழிற்சாலை வேலை போன பிறகு பீற்றர் இங்கரின் நிலத்தில் தொடங்கிய கிறுக்கு இந்தத் தோட்டம். அப்படித்தான் மேரிகிறேஸ் சொல்லி வந்தாள். டென்மார்க்கில் திராட்சையா என்று ஊரே சிரித்தது. முதல் காய்ப்பு வரவேண்டிய வருடம் மே மாதத்துப் பனி துளிர்களைக் கருக்கியது. அடுத்த முறை வலை போடுவதற்கு முதல் நாள் ஒரு குருவிக்கூட்டம் இறங்கிக் காம்பை மட்டும் விட்டுப் போனது. பிறகு ஒரு மழைக் கோடை. அதில் தப்பிய பழத்தில் கொஞ்ச வைன் வந்தது. எலுமிச்சம்பழத்தைக் கடித்தது போல இருந்தது. பீற்றர் மட்டும் அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"சூட்டு நாட்டுப் பழம் இனிப்புக்கு அவசரப்படும் கிறேஸ். இது குளிருக்கை நிண்டு, ஆறுதலாப் பழுக்கும். புளிப்பை விடாது. ஆனா வாசத்தைப் பார். பச்சை ஆப்பிள், வேலியோரத்து எல்டர் பூ, கடைசியிலை நாக்கு நுனியிலை ஒரு உப்பு. அது இந்தக் கடலின்ரை உப்பு."

"எனக்கொரு உப்பும் தெரியேல்லை," என்றாள் அவள். தெரிந்திருந்தது.

கணையத்தில் புற்றுநோய் என்றானபோது, "குடிச்சுக் குடிச்சு ஈரலைத் தின்னக் குடுத்திட்டான்" என்று சனம் கதைத்தது. கணையம் வேறு, ஈரல் வேறு என்று அவள் எவரோடும் வாதாடப் போகவில்லை. அந்தக் கதைக்குப் பிறகுதான் ஒரு நாளும் இந்தச் சரிவில் கால் வைக்காதவள் கத்தரிக்கோலோடு இறங்கி, பழத்தில் வெயில் படும்படி இலை கிள்ளக் கற்றுக்கொண்டாள். கொப்பன்ஹேகனில் பொறியியலாளனாக இருக்கும் மகன் ஸ்ரிபனும் சனி ஞாயிறுகளில் வரத் தொடங்கினான். பிறந்ததிலிருந்து அப்பாவோடு பத்து வசனம் சேர்த்துக் கதைத்திராதவன், சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வரிசை வரிசையாகத் திரிந்தான். இந்த வருடம் செப்டெம்பர் மழையில்லாமல் நீண்டது. பழம் மஞ்சள் பூத்துத் தொங்கியது.

காலையில் ஸ்ரிபன் இதே அறையில் நின்று, "விடுவம் அம்மா, மழை கொண்டு போகட்டும். நான் அப்பாவோடை இருக்கிறன்" என்றான். அப்போது பீற்றரின் ஒரு கண் திறந்தது.

"வெட்டு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஸ்ரிபன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"ஏதும் எண்டால் உடனை கூப்பிடுவியள்தானே?"

"ஓம்."

"சத்தியமா?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். போ."

பீற்றரின் அக்கா கிளோறியா ரண்டர்ஸ் நகரிலிருந்து வந்து கட்டிலின் மறுபக்கத்தில் செபமாலையோடு அமர்ந்திருந்தாள். பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமையே வந்து நோயாளிக்கான கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். தாய் இல்லாத வீட்டில் பீற்றரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் கிளோறியா. விடிந்ததிலிருந்து எதுவும் குடிக்கவில்லை.

"மச்சாள், போய்த் தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ. மயங்கி விழப்போறியள்," என்றாள் மேரிகிறேஸ்.

"உனக்கும் கொண்டு வாறன்." கிளோறியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பீற்றர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். மேரிகிறேஸ் காத்திருந்தாள். பஞ்சுக் குச்சியிலிருந்து ஒரு துளி அவர் கழுத்துக்கு வழிந்தது. அவள் துடைத்தாள். இன்னும் காத்திருந்தாள். பிறகு இரண்டு விரல்களைக் கழுத்தில் வைத்து, எடுத்தாள்.

கைகள் தாமாகவே யன்னலுக்குப் போயின. இந்த நாட்டில் ஒருவர் இறந்தால் உடனே யன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆன்மா வெளியே போக. இல்லத்தில் எத்தனை பேருக்கு அவள் திறந்துவிட்டிருக்கிறாள். கைபிடியைப் பாதி திருப்பியபோது, மூன்றாம் வரிசையில் இங்கர் நிமிர்ந்து இடுப்பை நீட்டி வீட்டுப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. இந்தக் காற்றில் யன்னல் திறந்தால் இங்கருக்கு விளங்கிவிடும். இங்கர் கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைப்பார்கள். ஸ்ரிபன் ஓடி வருவான்.

சரிவில் பாதி இன்னும் வெட்டுப்படாமல் நின்றது. வீட்டுக் கூரைக்குப் பின்னால், மேற்கே, வானம் கரிக்கட்டை நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

மேரிகிறேஸ் கைபிடியைப் பழையபடி திருப்பினாள். பிறகு கதவடிக்குப் போய்ப் பூட்டிலிருந்த திறப்பைத் திருகினாள்.

"கிறேஸ்? கதவை ஏன் பூட்டினனீ?" கிளோறியா வெளியே நின்றாள். கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

"உடம்பு துடைக்கிறன் மச்சாள். கொஞ்சம் பொறுங்கோ."

"நானும் பிடிக்கிறன், திற."

"வேண்டாம். அவருக்கு வெக்கம்."

தன் குரல் இவ்வளவு நேராக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது. ஒரு துவாயைச் சுருட்டி அவர் தாடைக்குக் கீழே வைத்தாள். இமைகளை மூடி, விரலை எடுக்காமல் பிடித்திருந்தாள். எல்லாம் தெரிந்த வேலை.

கொஞ்ச நேரம் கழித்துக் கைபிடி மறுபடியும் அசைந்தது.

"முடிஞ்சுதோ?"

"இப்பதான் அமைதியாக் கிடக்கிறார் மச்சாள். ஆள் நடமாட்டம் கேட்டால் திடுக்கிடுறார். கொஞ்சம் படுக்கட்டும்."

"நான் வந்தால் திடுக்கிடுவானோ? நான் அவன்ரை அக்கா."

வெளியே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கதவோடு ஒட்டினாற்போல் அமர்ந்து, கிளோறியா செபமாலையைத் தொடங்கினாள். முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். மறுபாதியை உள்ளே இருப்பவர் சொல்லவேண்டும். மேரிகிறேஸ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மரண நேரத்துக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வரும்போதெல்லாம் நாக்கு புரண்டது. ஆனாலும் ஒரு மணியையும் விடவில்லை. விட்டால் கதவு தட்டப்படும்.

யன்னலில் பார்த்தாள். ஸ்ரிபன் வரிசைகளுக்கிடையே ஓடினான். நிரம்பிய பெட்டிகளை ட்ராக்டர் வண்டியில் ஏற்றினான். ஒரு பழத்தை நசுக்கி, சர்க்கரை பார்க்கும் குழாய்க்குள் சாற்றை விட்டு, கண்ணில் வைத்து வானத்துக்கு நீட்டினான். அப்பா அதைப் பிடிக்கும் அதே பிடி. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான். அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தான்.

மேரிகிறேஸ் தன் கையை உயர்த்திக் காட்டினாள்.

மதியம் தாண்டி, ஊசி போட வரும் தாதி பிர்கிட்டின் கார் முற்றத்துக்குள் வந்தது. கதவைத் திறக்காமல் தீராது. மேரிகிறேஸ் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தாள். பின்னால் எழும்பிய கிளோறியாவை, "ஊசி போடேக்கை ஆட்கள் நிக்கக்கூடாதாம்" என்று கையால் மறித்தாள்.

பிர்கிட் பையைக் கீழே வைக்கவில்லை. பீற்றரின் மணிக்கட்டைத் தொட்டாள். விரல்களை மடக்கப் பார்த்தாள். பிறகு மேரிகிறேஸைப் பார்த்து, மெல்லிய குரலில் டேனிஷில் கேட்டாள்.

"எப்போது?"

"காலையில்."

"மகனுக்குத் தெரியுமா?"

மேரிகிறேஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். பிர்கிட்டின் கண்கள் யன்னலுக்குப் போயின.

"யன்னல் மூடியிருக்கிறதே."

"கீழே இன்னும் வரிசைகள் இருக்கின்றன."

தாதி சரிவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபமா இரக்கமா என்று பிடிபடவில்லை.

"நான் பொய் சொல்லமாட்டேன், மேரி. யாராவது நேரே கேட்டால் சொல்லிவிடுவேன். டாக்டரை அழைக்கவும் வேண்டும்." சற்று நின்றாள். "என் தொலைபேசி காரில் இருக்கிறது. காருக்குள் இருந்து பேசுகிறேன்."

அவள் வெளியேறியபோது கிளோறியா தன் உடைந்த டேனிஷில் தம்பி எப்படியிருக்கிறான் என்று கேட்பது கேட்டது. மேரிகிறேஸ் கதவுப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு இப்போது வலி இல்லை," என்றாள் பிர்கிட்.

"தேவனுக்கு நன்றி," என்றாள் கிளோறியா, தமிழில். செபம் திரும்பவும் தொடங்கியது.

காற்று பலத்தது. வலைகள் கம்பங்களில் அடித்தன. கடல் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றிவிட்டுத் தாய்மார் திரும்பி ஓடி வந்து வெட்டினார்கள். முதல் துளிகள் யன்னலில் விழுந்தபோது ட்ராக்டர் கடைசிப் பெட்டிகளோடு ஏறி வந்தது. பழம் பிழியும் கொட்டிலுக்குள் யாரோ கைதட்டினார்கள்.

ஸ்ரிபன் சப்பாத்தோடு நடையில் ஓடி வருவது கேட்டது. மேரிகிறேஸ் திறப்பைத் திருகினாள்.

"அப்பா! அப்பா சொன்னதை விடக் கூட! சீனி அளவு தொண்ணூற்றாறு! இங்கர் சொல்லுறா, இந்தக் கரையிலை இப்பிடி…"

அவன் கையில் ஒரு கொத்து இருந்தது. கட்டிலுக்கும் அம்மாவின் முகத்துக்கும் நடுவே அவன் பார்வை போய்வந்தது. அவன் பின்னாலேயே வந்த கிளோறியா எவரையும் பார்க்காமல் கட்டிலடிக்குப் போய்ப் போர்வைக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"குளிர்ந்து போச்சு," என்றாள். பிறகு, "எப்ப?"

மழை கூரையில் இறங்கியது.

"எப்ப எண்டு கேக்கிறன் கிறேஸ்."

"நீங்கள் தேத்தண்ணி போடப் போகேக்கை."

ஸ்ரிபன் டேனிஷுக்குத் தாவினான். கத்தவில்லை. சத்தியம் செய்தீர்களே, ஓம் என்றீர்களே, நான் அங்கே நின்று கைகாட்டினேனே, நீங்களும் காட்டினீர்களே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"கூப்பிட்டிருந்தால் நீ விட்டிட்டு வந்திருப்பாய்," என்றாள் மேரிகிறேஸ்.

"ஓம்! வந்திருப்பன்!" அது தமிழில் வந்தது. கையிலிருந்த கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். கார்க் கதவு அறையும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள்.

கிளோறியா தம்பியின் பாதத்தை விடாமல் நின்றாள்.

"கதவடியிலை இருந்தனான். உள்ளை நீ மறுமொழி சொல்லச் சொல்ல நான் சொன்னனான். அவன் கேக்கிறான் எண்டு நினைச்சுச் சொன்னனான்."

மேரிகிறேஸ் மன்னிப்புக் கேட்கலாம். நாளை இதே நிலை வந்தாலும் கதவைப் பூட்டுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். யன்னலடிக்குப் போய்க் கைபிடியைத் திருப்பி அகலத் திறந்தாள். மழையும், நசுங்கிய பழத்தின் மணமும் உள்ளே வந்தன. கொட்டிலில் பிழியும் இயந்திரத்தின் ரப்பர்ப் பைக்குள் பழத்தை அழுத்தத் தண்ணீர் ஏறும் இரைச்சல் தொடங்கியிருந்தது. இங்கரின் குரல் யாருக்கோ ஏதோ சொன்னது. இன்று வெட்டியதை இன்றே பிழியவேண்டும்.

கிளோறியா கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"முதுகு துடைச்சனியோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தைத் துடைச்சனீ?" பதிலுக்குக் காத்திராமல் தம்பியின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். "அந்தப் பக்கம் பிடி."

இருவரும் சேர்ந்து அவரைத் திருப்பினார்கள். எலும்பும் தோலுமாகிப் போனவர், இப்போது பாரமாக இருந்தார். கிளோறியா சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். மேரிகிறேஸ் பக்கம் அவள் பார்க்கவேயில்லை. தம்பியோடுதான் கதைத்தாள்: "இந்தா, கையை விடு. அப்பிடித்தான். நல்ல பிள்ளை."

வாசலில் நிழல் விழுந்தது. ஸ்ரிபன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே வந்து, மேசையிலிருந்த தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். பழைய தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. குழாய் நெடுநேரம் ஓடியது.

நிரம்பிய சட்டியோடு கட்டிலடிக்கு வந்து அதைக் கீழே வைத்தான். கிளோறியா மாமி துணியை நனைக்கக் குனிந்தபோது, "நில்லுங்கோ" என்றான். ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டைத் தண்ணீருக்குள் விட்டு, அப்பாவுக்குச் சூடு கூடிப்போச்சோ என்று பார்த்தான்.