பர்னபாஸின் கல்லில் ஒரு சொல்

கல் வெட்டுகிற வெள்ளத்துரை கல்லறைக்கான ஆங்கில வாசகத்தை எழுத்துக்கூட்டி வாசித்ததும் ஆக்னஸுக்குச் சுருக்கென்றது.

"என் டியரா? அந்த மனுசன் ஒருநாளும் என்னைய அப்படிக் கூப்பிட்டதில்லையே."

"என் டியர் இல்லம்மா, எண்டியரிங்," என்றாள் மகள் விஜிலா. நாசரேத்தில் ஆங்கில டீச்சர் அவள். அப்பா பர்னபாஸின் கல்லறைக்கு அந்த வாசகத்தைத் தான் வேலை பார்க்கும் கப்பலிலிருந்து அனுப்பியவன் தம்பி ஃபிராங்க்ளின். "டியர்னா நம்ம அப்பா மேல பாசம் வச்சிருந்தோம்னு அர்த்தம். எண்டியரிங்னா, நம்மளப் பாசம் வைக்க வைக்கிற ஏதோ ஒண்ணு அப்பாகிட்ட இருந்துச்சுன்னு அர்த்தம்."

ஆக்னஸ் யோசித்தாள். பாதி ஆயுளைக் கப்பலில் கழித்த மனுஷன். போனில் கூப்பிட்டால் "சாப்டியா" என்பதோடு சரி. அவள் பாசம் வைத்தாள், உண்மைதான். அவர் வைக்க வைத்தாரா? கல்லின் கீழ்ப்பாதி அவள் பெயருக்காகக் காலியாகக் கிடந்தது. நாளைக்கு அவளும் அங்கேதான் படுக்க வேண்டும். தலைக்கு மேல் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது?

"டியர்னே வெட்டுங்க, அண்ணாச்சி. பாசம் நம்ம வச்சதுதான்."

விஜிலா தம்பியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, அப்பாகிட்ட அப்படி என்னத்தக் கண்ட?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

போனில் கடல்காற்று இரைந்தது. அதற்கு நடுவே ஃபிராங்க்ளின் சொன்னான்: "நான் கப்பலுக்குப் போறதுக்கு முன்ன, அப்பா கூப்பிட்டா நீ பேசிட்டுப் போனை என்கிட்டக் குடுப்பேல்லாம்மா? 'கட் பண்ணாத, அடுப்படி ஜன்னல்ல வைலே'ம்பாவ அப்பா. நீ மீன் அரியுறது, மிக்ஸி போடுறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பாவ. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

ஆக்னஸ் திடுக்கிட்டாள். "அங்கன நான் அவரத் திட்டிக்கிட்டேல்லா நிப்பேன்?"

"அதையும் கேப்பாவ. 'இன்னைக்கு உங்கம்மா ஏசுனதுல சத்தமே இல்ல, சளி புடிச்சிருக்கும், கசாயம் வச்சுக் குடுலே'ம்பாவ."

அந்தக் கசாயங்களையெல்லாம் மகனின் கரிசனம் என்று நினைத்தே அவள் குடித்திருந்தாள். வெகுநேரம் அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளத்துரையிடம் சொன்னாள்: "அந்த நீளமான வார்த்தையவே வெட்டுங்க, அண்ணாச்சி. இடம் பத்தலன்னா என் பேருக்கு விட்டிருக்க இடத்துல எடுத்துக்கிடுங்க."