ஐம்பத்தோரு வயது அப்ரண்டிஸ்

டெனிஸ் ஆக்ராய்டு இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர பஸ் டிப்போவின் மேலாளர். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஓட்டுநராகச் சேர்ந்தவள். இனி மேலே போக வேண்டுமானால் பட்டம் வேண்டும் என்று சொல்லி, வேலையில் இருந்தபடியே படிக்கும் தலைமைப் பயிற்சியில் கம்பெனி அவளைச் சேர்த்துவிட்டது. இரண்டு வருடப் படிப்பு. சேர்க்கைக் கடிதத்தில் அவள் பெயருக்கு நேரே ‘அப்ரண்டிஸ்’ என்று இருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள்.

“என்ன அப்ரண்டிஸ் கண்ணு, டீ போட்டாச்சா?” என்றான் நெவில் சக்டென். அவளோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், இன்னும் ஓட்டுநர்தான்.

“உன் பஸ் கிளம்பியிருக்கணும், நெவில். நாலு நிமிஷம் ஆச்சு.”

வியாழக்கிழமை படிப்பு நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை என்று பார்த்துத்தான் யாராவது காய்ச்சல் என்று போன் செய்வார்கள். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சீருடை மாட்டிக்கொண்டு டாட்மார்டன் ஊருக்குப் போகும் பஸ்ஸை எடுப்பாள். பதினோரு மாதத்தில் முழுதாகக் கிடைத்தவை ஆறு வியாழன். மிச்சப் படிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலறை மேஜையில், கண் எரிய எரிய.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது: புது ஓட்டுநர்கள் ஏன் ஒரே வருடத்தில் விட்டுப் போகிறார்கள்? போனவர்களில் இருபத்து மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். சம்பளம் என்று சொல்வார்கள் என நினைத்திருந்தாள். பதினேழு பேர் சொன்னது வேறு. காலையில் நாலு மணி நேரம், நடுவில் சம்பளமில்லாத மூன்று மணி நேரம், மறுபடி சாயங்காலம் நாலு மணி நேரம் என்று பிளந்து போட்ட ஷிப்ட்.

“அந்த மூணு மணி நேரத்துல வீட்டுக்கும் போக முடியாது, தூங்கவும் முடியாது. கார்ல உக்காந்து மழையப் பாத்துட்டு இருப்பேன்,” என்றாள் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

டெனிஸ் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். அவளுடைய ஆசிரியர் அலுன் ப்ரைஸ் கணினித் திரையில் வந்தார்.

“நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ‘ஆறு வருடத்துக்கு முன் நிர்வாகம் இந்த முறையைக் கொண்டுவந்தது’ன்னு எழுதியிருக்கீங்க. நிர்வாகம்னா யாரு?”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

“நான்தான்,” என்றாள். “அப்ப ஷிப்ட் போடுற வேலை என்னோடது. செலவு குறைஞ்சுதுன்னு பாராட்டுனாங்க. மேலாளர் ஆனதே அதனாலதான்.”

“அப்போ அதை அப்படியே எழுதுங்க.”

எழுத மூன்று ஞாயிறு ஆனது. ‘நிர்வாகம்’ என்ற சொல் வந்த ஒவ்வோர் இடத்திலும் ‘நான்’ என்று மாற்றினாள். மாற்றும்போது வெட்கத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. அந்த மழை பார்த்த பெண்ணின் பெயர்கூட அவள் டிப்போவில் இருந்தபோது டெனிஸுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அறிக்கையை இயக்குநர்கள் முன் வைத்தாள். பிளவு ஷிப்டை எடுத்துவிட வேண்டும் என்றாள். இயக்குநர் மார்கோ ஃபென்விக் தாள்களைப் புரட்டினார்.

“இதுல உங்களையே மாட்டி விட்டிருக்கீங்களே, டெனிஸ். அந்தப் பக்கத்த எடுத்துடலாமே?”

“அத எடுத்துட்டா மத்தத யார் நம்புவா, சார்?”

ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் பன்னிரண்டு ஓட்டுநருக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு, இடைவெளி இல்லாத முழு ஷிப்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். டிப்போவில் இருந்ததோ நூற்று நாற்பது பேர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் என்று அவளே பட்டியல் போட்டாள்.

பட்டியல் ஒட்டிய காலையில் நெவில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“என் பேரு இல்ல.”

“இல்ல.”

“ஆறு வருஷமா அந்த மூணு மணி நேரத்த கேன்டீன்ல உக்காந்தே ஓட்டுறேன். ஒரு நாள் உங்கிட்ட வந்து மூக்கால அழுதிருப்பேனா?”

“நீ கேட்டிருக்கணும், நெவில்.”

“நீ கேட்டிருக்கணும்டி.”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனான்.

பட்டம் ஜூலையில் வந்தது, சாதாரணத் தேர்ச்சி. விழா ஒரு வியாழக்கிழமை. அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை. பெயர்கள் வாசிக்கப்படும் வரிசையில் அமர்ந்திருந்தவள் கறுப்பு அங்கிக்குள் அப்படியே தூங்கிப்போனாள். அவள் பெயர் வந்தபோது பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி எழுப்பினார்.