முதலாளி எழுந்துபோன பள்ளம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஆலை முதலாளி ஒருவர் வாழ்ந்த வீடு அது, இப்போது காட்சிக்கூடம். பீரோ நகர்த்தக் கூலிக்குப் போயிருந்தேன். படிப்பறையில், யாரும் நெருங்காதபடி சுற்றிலும் கயிறு கட்டிய நாற்காலி. அதன் மெத்தையில் ஒரு பள்ளம். பக்கத்தில் பலகை: 'ஐயா கடைசியாக எழுந்து சென்றபடியே.' மீசை நரைத்தபின் எழுத்து படித்தவன் நான். கூட்டிக்கூட்டி வாசித்து முடித்ததும் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தேன். யாராவது இதைத் தட்டிவிட்டால்?

2

அன்று காலை, துடைக்கிறவள் வழக்கம்போல...

(வேண்டாம். 'வழக்கம்போல' என்றாலே ஏதோ விபரீதம் என்று உஷாராகிவிடுவீர்கள்.)

முதலாளியின் மகள் வருகிற நாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். வேறெதையும் பார்க்க மாட்டார். அந்தப் பதற்றத்தில் துடைக்கிறவள் கயிற்றைத் தாண்டி, மெத்தையை எடுத்து, நாலு சாத்து சாத்தி, புரட்டிப் போட்டுவிட்டாள். கை செய்து முடித்த பிறகுதான் கண் பார்த்தது. மெத்தை புசுபுசுவென்று உப்பி நின்றது.

3

வாசல் காவல் அவள் புருஷன். இருவருக்கும் சோறும் கூரையும் இந்த வீடுதான். பின்கட்டில் ஓர் அறை.

"என்னங்க, உள்ள வாங்க, சீக்கிரம்!"

"பாம்பா?"

"பாம்பா இருந்தா நானே அடிச்சிருப்பேன். ஐயா மெத்தையத் தட்டிட்டேன்."

"அடிப்பாவி! வேலையும் போச்சு, வீடும் போச்சு."

"ஒப்பாரிய அப்புறம் வைங்க. இப்ப உக்காருங்க. அவரோட பழைய சட்டை உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சுன்னு பீத்திக்குவீங்கல்ல?"

"சட்டை போட்டா முதலாளியா? அவர் முன்னால நான் முக்காலியில கூட உக்காந்ததில்லடி."

"அவர் முன்னால இல்ல. பின்னால படமாத் தொங்குறாரு. திரும்பாம உக்காருங்க."

4

இந்த மனிதர் உட்காருவாரா? எனக்கே நம்பிக்கையில்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: உட்கார்ந்தார், பள்ளம் விழுந்தது. மகள் வந்து கை வைத்தார். "அப்பா சூடு இன்னும் இருக்கு" என்று கண் கலங்கினார். கோடு போட்டு அடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்த பிறகு அந்த அம்மாள்மேல் பாவமாக இருந்தது.

இன்னொன்று: துடைக்கிறவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். மகள் மன்னித்தார். இதையும் அடித்தேன். அப்படி ஒரு மன்னிப்பை நான் கண்டதில்லை.*

* உலகத்தில் இருக்கலாம். நான் வேலை பார்த்த இடங்களைச் சொல்கிறேன்.

5

வாசலில் மகளின் கார் ஹாரன் அடிக்கிறது. கதவைத் திறக்க வேண்டியவர் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பாதி இறங்கிவிட்டார். அங்கேயே நின்றுவிட்டார்.

"உக்காந்து தொலைங்களேன்!"

"முட்டி மடங்க மாட்டேங்குதுடி."

முட்டியா பயமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் அந்த அம்மாள் கை வைக்கப்போவது அப்பாவின் பள்ளத்தில் இல்லை, இவருடைய...

எழுந்தால் நாளைக்கு இவர்கள் தட்டுமுட்டுச் சாமானை...

மறுபடி ஹாரன். ஒரு மனிதரை இப்படி அந்தரத்தில் நிறுத்திவைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போக முடியாது. உட்காருங்கள் என்பதா, எழுந்துபோய்க் கதவைத் திறங்கள் என்பதா? நீங்கள் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவர் இன்னும் பாதியில் தொங்குகிறார்.