கருவேலங்காட்டு முற்றுகை

"காயத்துக்குக் கட்டுற துணி எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் எடுத்துக்கிடுங்க நர்சம்மா" என்று ஏட்டு வாசலில் நின்று சொன்னதும் ஞானபூரணி மருந்துப் பெட்டியைத் திறந்தாள். ஏழாயிரம்பண்ணை மருந்தகத்துக்குப் போலீஸ் வருவது புதிதல்ல. பட்டாசு செய்கிற வெடிக் கம்பெனியில் விபத்து என்றால் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான். ஆனால் இன்று எங்கும் வெடிச் சத்தம் கேட்கவில்லை. யாருக்கு அடிபட்டது என்று கேட்டாள். இன்னும் யாருக்கும் படவில்லை என்றார் ஏட்டு. சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடிபடுவதற்கு முன்பே துணி கேட்கிறவர்களை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். அது மலாயாவில்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். முன்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டி இறங்கி அவளுக்கு இடம் விட்டார். காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். பேச்சில் மரியாதை இருந்தது. விஷயம் என்னவென்று போகிற வழியில் அவரே சொன்னார்.

போன வாரம் சாத்தூருக்குத் தெற்கே ரயில் பாதையில் யாரோ குண்டு வைத்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துபோன கேங்மேன் மொக்கைச்சாமி அதில் சிக்கிச் செத்துப்போனார். வைத்தவன் சின்னப்பொட்டல் கிராமத்து உக்கிரபாண்டி என்று துப்புக் கிடைத்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் ஒரு போலீஸ் படை ஊருக்குள் புகுந்து, கையில் கிடைத்த நாலு பேரை அடித்து விசாரித்திருக்கிறது. அதைப் பார்த்து ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் கண்மாய்க்குள் இருக்கிற கருவேலங்காட்டில் போய் ஒளிந்துகொண்டார்கள். உக்கிரபாண்டியும் அவர்களோடு இருக்கிறான். காட்டைச் சுற்றி இப்போது துப்பாக்கிப் போலீஸ் நிற்கிறது.

"எல்லாருமா சார் குண்டு வச்சாக?" என்று கேட்டாள் ஞானபூரணி.

வைத்தவன் ஒருத்தன்தான், மற்றவர்கள் அவனுக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தவர்கள் என்றார் அவர். பிறகு, பயிற்சியில் படித்ததை ஆசையோடு சொல்லத் தொடங்கினார். இந்த மாதிரி ஆட்களை அடக்குவது எப்படி என்று, மலாயாக் காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்கி வெள்ளைக்காரன் காட்டிவிட்டானாம். ஊரைச் சுற்றிக் கம்பி வேலி போடுவது. அரிசியைப் பொதுவில் பொங்கிப் போட்டு ஒரு பிடி கூடக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. காட்டைச் சுற்றி வளைத்து, ஓடுகிறவனைச் சுடுவது. அங்கே அது நன்றாகப் பலித்திருக்கிறது என்றார்.

"நான் அந்த வேலிக்குள்ளதான் சார் இருந்தேன்" என்றாள் அவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிற ஆடி வெள்ளிக் கூட்டம் வேப்பிலையும் தீச்சட்டியுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஜீப் ஊர்ந்துதான் போக முடிந்தது. அந்த நேரத்துக்குள் அவள் சொல்லி முடித்தாள்.

அவள் புருஷன் ஞானமுத்து பேராக் பக்கம் கம்பி வேலி போட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தார். அவள் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் காலையில் சிப்பாய்கள் வந்து ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களைச் சுற்றி வளைத்தார்கள். நில்லுங்கள் என்று இங்கிலீஷில் கத்தியது தமிழாளுக்கு எங்கே புரியும்? துப்பாக்கியைப் பார்த்ததும் ஓடினார்கள். ஓடாதீர்கள் என்று சொல்லப் பின்னால் ஓடின ஞானமுத்துவும் ஓடுகிறவர்களில் ஒருவராகத்தான் சிப்பாய்க்குத் தெரிந்தார். பயங்கரவாதிகள் நால்வர் பலி என்று மறுநாள் பேப்பரில் வந்தது. நாலு பேரில் ஒருவர் கையிலும் பால் வெட்டும் கத்தியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பலிச்சுச்சின்னு சொன்னீகளே சார். அந்தக் கணக்குல எங்க வீட்டுக்காரரும் சேர்த்திதான்."

இன்ஸ்பெக்டர் பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார். பிறகு, மொக்கைச்சாமியின் உடம்பைக் கூடையில்தான் அள்ளினோம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் பெண்சாதி வெள்ளைத்தாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே கிடக்கிறாள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஞானபூரணியால் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

சின்னப்பொட்டல் கண்மாய்க் கரையில் ஜீப் நின்றது. கரை நெடுகப் போலீஸ்காரர்கள் துப்பாக்கியும் கையுமாகக் குத்தவைத்திருந்தார்கள். கீழே, தண்ணீர் வற்றிய கண்மாயை நிறைத்துக்கொண்டு கருவேலமரங்கள். உள்ளே ஆள் இருக்கும் அரவமே இல்லை. இந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் ஒன்றாகக் கூடி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். விருதுநகரிலிருந்து இன்னொரு லாரி போலீஸ் வருகிறது, வந்ததும் மூன்று தரம் எச்சரித்துவிட்டு உள்ளே நுழைவதாகத் திட்டம் என்றார் ஏட்டு.

ஞானபூரணி ஜீப்பிலிருந்து இறங்கினாள். இந்தத் தடவை தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. நடக்கப்போகிற இடத்திலேயே நிற்கிறாள், அதுவும் நடப்பதற்கு முன்னால்.

"லாரி வர்ற வரைக்கும் எனக்கு விடுங்க சார். அவனை விட்டுடச் சொல்லலே. உசுரோட கொண்டாந்து உங்க கையில விடுறேன். பொம்பளைகளும் நானும் உள்ள போறோம். உங்க ஆளுகளைத் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொல்லுங்க, அது போதும்."

முடியாது என்றார். உள்ளே போகிறவர்களை அவன் பிடித்து வைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவன் கையில் வெடிமருந்து இருப்பதாகத் தகவல் என்றார். அப்படியானால் சுடுகிற குண்டு அந்த மருந்தில் பட்டால் எத்தனை பேர் போவார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் காட்டைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கடைசியில் ஏட்டைக் கூப்பிட்டுத் துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொன்னார்.

அவளுக்கு முதலில் கை கொடுத்தவள் இருளம்மாள். போன மாசிமாதம் ஞானபூரணிதான் அவளுக்குப் பிரசவம் பார்த்தாள். புருஷன் கண்ணுச்சாமி காட்டுக்குள் இருந்தான். இருளம்மாள் நகர்ந்ததும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சரசரவென்று கரையிலிருந்து இறங்கினார்கள். வெள்ளைப் புடவையில் ஞானபூரணி முன்னால் போனாள். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளைப் பெயர் சொல்லியும் முறை சொல்லியும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். மாமா, அண்ணே, ஏலே தம்பி என்று காடு முழுக்கக் குரல் கேட்டது.

முள் காலைக் கிழித்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. நடுக்காட்டை நெருங்கியபோது புதர்களுக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. ராத்திரி முழுக்கப் பட்டினி, தாகம், பயம். ஓடுவதற்குத் தயாராக எல்லோரும் குத்தவைத்திருந்தார்கள்.

அப்போது ஒரு புதரிலிருந்து கௌதாரிகள் படபடவென்று கிளம்பின. கரைமேல் எந்தப் போலீஸ்காரன் விரல் நடுங்கியதோ, ஒரு வேட்டு வெடித்தது.

கண்ணுச்சாமி தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அடுத்த நொடி என்ன நடக்கும் என்று ஞானபூரணிக்குத் தெரியும். ஓடும் முதுகுகளை நோக்கித் துப்பாக்கிகள் உயரும்.

"உக்காருங்க" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "ஓடுனா சுடுவாக. அப்படியே உக்காருங்க. பொம்பளைகளும் உக்காருங்க." சொல்லிக்கொண்டே பெட்டியோடு தரையில் சட்டென்று உட்கார்ந்தாள். இருளம்மாள் புருஷன்மேல் விழுந்து உட்கார்ந்தாள். பெண்கள் உட்கார, ஒரு கணம் திகைத்து நின்ற ஆண்களும் ஒவ்வொருவராக மண்ணில் உட்கார்ந்தார்கள். கரையில் இன்ஸ்பெக்டர் சுடாதே சுடாதே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு துப்பாக்கிகளுக்கு முன்னால் ஓடுவது கேட்டது. இரண்டாவது வேட்டு வரவில்லை.

வரவில்லை. அதை நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தவழ்ந்து போய்க் கண்ணுச்சாமியின் சட்டையைக் கிழித்தாள். குண்டு தோள்பட்டைச் சதையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. இறுக்கிக் கட்டினால் பிழைத்துக்கொள்வான். கட்டிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான், ஒருவன் மட்டும் உட்காராமல் மரத்தில் சாய்ந்து நிற்பதைக் கண்டாள். மெலிந்த உடம்பு. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தான். அவன்தான் உக்கிரபாண்டி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே அவனை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

வெடிக் கம்பெனி ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பையில் என்ன இருக்கும் என்று தெரியும். அழுத்தினாலே போதும், பற்றிக்கொள்ளும் கலவை அது; நனைந்தால்தான் அடங்கும்.

"கிட்ட வராதீக நர்சம்மா" என்றான் அவன். "எங்கண்ணனையும் இப்படித்தான் சுத்தி வளைச்சாக."

கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்த காலத்தில், தலைமறைவான யாரையோ தேடி வந்த போலீஸ் அவன் அண்ணனை ஆள் மாறிச் சுட்டுப்போட்டது. அப்போது உக்கிரபாண்டி பள்ளிக்கூடத்துப் பையன். தவறு நடந்துவிட்டது என்று கூட யாரும் வந்து சொல்லவில்லை. அதைத்தான் பத்து வருஷமாக மனதில் ஊதி ஊதித் தீயாக வைத்திருந்தான். ரயிலை நிறுத்திக் காட்ட வேண்டும் என்றுதான் குண்டு வைத்ததாகச் சொன்னான். கேங்மேன் அந்த நேரத்தில் அங்கே வருவார் என்று நினைக்கவில்லையாம். சொல்லும்போது அவன் தாடை வெட்டி வெட்டி இழுத்தது.

ஞானபூரணிக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. ஞானமுத்துவைச் சுட்ட சிப்பாயும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான், நினைக்கவில்லை என்று.

"மொக்கைச்சாமி பொஞ்சாதி ஸ்டேஷன் வாசல்ல கெடக்கா. எம் புருஷன் என்ன பாவம் செஞ்சாருன்னு கேக்க அவளுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க இங்கன வெடிச்சுச் செத்தா அவ யாரைப் போயி கேப்பா? எனக்குக் கேக்க ஆளில்லாமப் போச்சு. அவளுக்காச்சும் இருக்கட்டும்."

அவன் அவளையே பார்த்தான். கரைப் பக்கம் லாரியின் உறுமல் கேட்கத் தொடங்கியிருந்தது. எல்லோருடைய கண்ணும் அந்தப் பையிலேயே இருந்தது. மண்டியிட்டிருந்த கிழவர் ஒருவர் மட்டும், அங்கன கிடங்குல தண்ணி கெடக்கு என்று கையைக் காட்டினார். கண்மாயின் அடிப்பள்ளத்தில் மாடு குடிக்கிற அளவுக்குச் சேற்றுத் தண்ணீர் தேங்கியிருந்தது. உக்கிரபாண்டி அடிமேல் அடி வைத்து நடந்தான். காலில் முள் தைத்தபோது நின்றான், மறுபடி நடந்தான். பையைப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தண்ணீருக்குள் இறக்கினான். குமிழிகள் வந்தன. பை முங்கியது. அவன் கைகளை விரித்து நின்றபோது எங்கிருந்தோ ஒரு பெண் சத்தமாக அழத் தொடங்கினாள். அந்த அழுகை சிரிப்பு மாதிரியும் இருந்தது.

"எல்லாரும் சேந்து போவோம்" என்றாள் ஞானபூரணி. "இவரை நடுவுல விட்டுக்கிடுங்க."

பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு பேர் கண்ணுச்சாமியைத் தாங்கினார்கள். ஆண்கள் கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கரை ஏறியதும் லாரியிலிருந்து குதித்த போலீஸ்காரர்கள் தடியை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். சுந்தரபாண்டி குறுக்கே போய் நின்றார். இவர்களில் ஒருத்தன்மேல் கை பட்டாலும் அது என்மேல் பட்ட மாதிரி என்று சொல்லிவிட்டு, உக்கிரபாண்டியின் கையில் தானே விலங்கு மாட்டினார். பிறகு ஞானபூரணியிடம் வந்தார். கண்ணுச்சாமியை என் ஜீப்பிலேயே ஏற்றுங்கள் என்று சொன்னார்.

சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஞானபூரணி கண்ணுச்சாமியின் தோள் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். இருளம்மாள் அவள் கையைப் பிடித்து, விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

கண்ணுச்சாமி பிழைத்தான். ஆனால் வலது கை தோளுக்குமேல் எழவே இல்லை. ஏர் பிடிக்க முடியாமல் ஆடு மேய்க்கப் போனான். கைதவறிச் சுட்ட போலீஸ்காரனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒரு நாள் அவன் தானாகவே சின்னப்பொட்டலுக்கு வந்து கண்ணுச்சாமி வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போனான் என்று இருளம்மாள் சொன்னாள்.

கண்ணுச்சாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலையே, வெள்ளைத்தாயிடம் செய்தி சொல்ல ஞானபூரணி ஸ்டேஷன் வாசலுக்குப் போனாள். பிடித்துவிட்டார்கள் என்றதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். உயிரோடு பிடித்தார்கள் என்றதும் முகம் கறுத்தது. ஏன் சுடவில்லை என்று கேட்டாள். சுட விடாமல் தடுத்தது நான்தான் என்று ஞானபூரணி ஒளிக்காமல் சொன்னாள். வெள்ளைத்தாய் மண்ணை வாரித் தூற்றினாள். ஞானபூரணி நகரவில்லை. அவள் ஓய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளைத்தாய் கேட்டாள். "அவன் என்னத்தைச் சொன்னான்?"

கேங்மேன் வருவார் என்று நினைக்கவில்லை என்றானாம், அவன் அண்ணனையும் போலீஸ் ஆள் மாறிச் சுட்டுக் கொன்றதாம் என்றாள் ஞானபூரணி. வெள்ளைத்தாய் கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"எங்கிட்டச் சொல்லட்டும். எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். கோர்ட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போவீகளாக்கா?"

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்த அன்று முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். ஜன்னலோர சீட்டில் வெள்ளைத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டியதை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.