எதிரே நின்ற வேன்

எக்ஸ்ரே என்றால் கோர்ட் கேன்டீன்காரருக்குக்கூட ஆளைத் தெரியும். ஆயுசில் பாதியை விபத்து வழக்குகளிலேயே கழித்த அந்த வக்கீலுக்கு எதிர்த்தரப்பு வைத்த பட்டப்பெயர் அது. எந்த எலும்பு விபத்தில் முறிந்தது, எது வழக்குக்காக முறிந்தது என்று ஆள் நடந்து வரும் தினுசிலேயே சொல்லிவிடுவார்.

அவர் படுதோல்வி கண்டது ஒரு தர்பூசணியால். முதுகு போன கட்சிக்காரர் ஒருத்தர் மார்க்கெட்டில் சும்மா ஒரு பழத்தைத் தூக்கி எடை பார்த்தார். இன்ஷூரன்ஸ்காரர்களின் கேமரா அதைப் பார்த்தது. வழக்கு அம்பேல்.

அன்றிலிருந்து புதிதாக வரும் எல்லோருக்கும் ஒரே மந்திரம்தான்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் உன் முதுகு என்னுது. பக்கெட் தூக்காதே. பையைத் தூக்காதே. என்ன ஆனாலும் சரி, தூக்காதே. எங்கேயாவது ஒரு வண்டிக்குள்ள ஒருத்தன் கேமராவோட உட்கார்ந்திருப்பான்."

அந்த லிஃப்ட் மெக்கானிக்கிடமும், கூட வந்திருந்த அவன் அக்காவின் எதிரிலேயே, இதையேதான் சொன்னார். கட்டட கம்பெனி மாற்றாமல் விட்ட கம்பிவடம் அறுந்து, லிஃப்டோடு சேர்ந்து கீழே வந்தவன். முதுகெலும்பில் இரண்டு ஆணிகள். அவனுடைய வலியில் கலப்படம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவையே இல்லை. ஆனால் கம்பெனியின் டாக்டர், "ஆணியெல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டது, இவர் நடிக்கிறார்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். கேஸே அதில்தான் தொங்கியது.

விசாரணைக்கு முந்தின வாரம், ஜூனியர் பெண் லேப்டாப்போடு அறைக்குள் பாய்ந்து வந்தாள்.

"சார், அடிச்சது யோகம்! கம்பெனிக்காரங்க ஒளிஞ்சிருந்து எடுத்த வீடியோ பூராவையும் கோர்ட் உத்தரவுப்படி நம்மகிட்ட கொடுத்துட்டாங்க இல்ல? நடுவுல இதைப் புதைச்சு வெச்சிருக்காங்க. பாருங்க."

மழை. ஒரு வீட்டு வாசல். பால் பாக்கெட் எடுக்க வந்த முதியவர் படியில் வழுக்கி விழுகிறார். உள்ளேயிருந்து மெக்கானிக் ஓடி வருகிறான். குனிகிறான். முதியவரின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுக்கிறான். பிறகு நிமிர்ந்து, கைகளை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவை நோக்கிக் கத்துகிறான். யாரும் வரவில்லை. முதியவர் மழையில் கிடக்கிறார். அவன் நிற்கிறான்.

"பெத்த அப்பாவையே தூக்க முடியல சார்! இதைவிட சாட்சி வேணுமா?"

"இன்னொரு தடவை போடு," என்றார் எக்ஸ்ரே.

மூன்றாம் முறை பார்த்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. அக்குளில் கை போன பிறகு, நிமிர்வதற்கு முன், மெக்கானிக் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தான். ஒரு கணம். அந்தக் கணத்துக்குப் பிறகுதான் கைகள் விலகின. ஜூனியர் அதைக் கவனிக்கவில்லை. நீதிபதியும் கவனிக்கமாட்டார். அந்த மந்திரத்தைச் சொன்ன வாய்க்கு மட்டும்தான் அந்தப் பார்வை புரியும்.

அன்று மாலையே மெக்கானிக்கை வரச் சொன்னார். இடுப்பில் பட்டையோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வீடியோவைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னான்.

"தூக்கியிருக்க முடியுமாப்பா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"தூக்கிப் பார்த்தாத்தானே தெரியும். கையைக் கொடுத்தேன். எதிர்ல அந்த வேன் நின்னுச்சு. நீங்க சொன்னது காதுல கேட்டுச்சு." அவன் தரையைப் பார்த்தான். "ஆள் வந்து தூக்கறதுக்குள்ள முழுசா நனைஞ்சிட்டார். காய்ச்சல் நெஞ்சுல இறங்கிடுச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். சாவுக்கு மாலை அனுப்பியிருந்தார்.

"இதைப் போட்டுக் காட்டாதீங்க சார். கோர்ட்டுக்கு அக்கா வருவா. தூக்கப் பார்த்தேன், முடியலன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். சின்னதுலேர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கறவ. எனக்கு அவளை விட்டா யார் இருக்கா?"

"காட்டல. போ."

"சத்தியமா?"

"என் வாயிலேர்ந்து வந்தா வந்ததுதான்."

விசாரணையன்று அக்காதான் அவனை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பெரிய தோள்பை ஒன்று. அதிலிருந்து மாத்திரை, தண்ணீர், முதுகுக்குத் தலையணை எல்லாம் மந்திரப் பெட்டி போல வந்துகொண்டே இருந்தன. "நேரா உட்காரு. கூன் போடாதே, அப்பா மாதிரியே," என்று அதட்டினாள். அவன் சிரிக்கப் பார்த்தான்.

கம்பெனி டாக்டர் கூண்டேறினார். வழுவழுப்பான ஆள். எக்ஸ்ரே எத்தனை கேள்வி வீசியும் சிக்கவில்லை. நீதிபதி தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கேஸ் கண்ணெதிரே கையை விட்டு நழுவியது.

கடைசியில் டாக்டர் புன்னகையோடு சொன்னார்: "வேலைக்குப் போகச் சொன்னால் முதுகு வலிக்கும். வீட்டில் ஓர் அவசரம், தன் ரத்த சம்பந்தமான ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்றால் இவர் தூக்கியே தீருவார்."

எக்ஸ்ரேயின் வாழ்நாளில் எந்த எதிர்சாட்சியும் இப்படித் தானாகக் கழுத்தை நீட்டியதில்லை. இத்தனை வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. கொடுத்த வாக்கு அவர் நினைவுக்கு வருவதற்குள், அவருடைய குரல் அறையில் ஒலித்துவிட்டது.

"கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பே எடுத்த வீடியோ ஒன்றைத் திரையிட அனுமதி வேண்டும்."

பின்னால் "சார்" என்று ஒரு குரல். மெல்லிய குரல். அவர் திரும்பவில்லை.

திரையில் மழை பெய்தது. டாக்டரின் புன்னகை உதிர்ந்தது. கம்பெனி வக்கீல் பேனாவை மூடினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கேட்ட நஷ்டஈடு ஒரு பைசா குறையாமல் அன்றே தீர்ப்பானது.

காரிடாரில் ஜூனியர் துள்ளிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சுவரோரம் நின்றான். அக்கா அவன் பக்கம் போகவில்லை. நேரே எக்ஸ்ரேயிடம் வந்தாள்.

"எதிர்ல என்ன சார் இருந்துச்சு?"

"எங்கேம்மா?"

"வீட்டுக்கு எதிர்ல. கையைக் கொடுத்துட்டு நிமிர்ந்து பார்த்தானே."

எக்ஸ்ரே கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வேன்மா."

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"ரெண்டடி தள்ளி, உசுரோட மனுஷங்க. அவங்களும் இறங்கல?" அவள் குரல் உயரவே இல்லை. "அவங்களுக்கும் உங்களை மாதிரி யாராவது சொல்லி வெச்சிருப்பாங்களா சார், என்ன ஆனாலும் இறங்காதேன்னு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தம்பியின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் படியில் இறங்கத் தொடங்கினாள், தனியாக.

பெஞ்சின் காலடியில் அவளுடைய தோள்பை மறந்து கிடந்தது. மெக்கானிக் அதைக் கண்டான். "அக்கா, பை..." என்று கூப்பிட்டுக்கொண்டே, பட்டை கிறீச்சிடக் குனிந்து, வாரில் கையை வைத்தான்.

"தூக்காதே!"

எக்ஸ்ரேயின் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது. வழக்கு முடிந்துவிட்டது, வேன் போய்விட்டது, இனி அவன் எதை வேண்டுமானாலும் தூக்கலாம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மெக்கானிக்கின் கை வாரை விட்டிருந்தது. அவன் நிமிர்ந்து, எதிரே காலியாக இருந்த ஜன்னலைப் பார்த்தான்.

அக்கா பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தாள். இருவரையும் பார்க்காமல் குனிந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.