மஞ்சள் கோடு

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவள் அவள். அதை மீறுவதற்கென்றே ஓர் ஆளைக் கல்யாணமும் செய்துகொண்டிருந்தாள்.

சட்டம் இதுதான்: ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவளுடையது வெள்ளை, அவள் புருஷனுடையது மஞ்சள். யார் கோடோ அவர்தான் அந்த போல்ட்டுக்குப் பொறுப்பு. ஒருவர் பாதியில் விட்ட வேலையை இன்னொருவர் எடுத்தால், பழைய கோட்டைத் துடைத்து, போல்ட்டைத் தளர்த்தி, முதலிலிருந்து முறுக்க வேண்டும். கட்டிய புருஷன் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

தெருவில் ஓடுகிற வேகமான கார்களை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது அவர்கள் தொழில். பந்தயக்காரர்கள் யாரும் அங்கே வருவதில்லை. வாரமெல்லாம் வக்கீலாகவும் வாத்தியாராகவும் ஒழுங்காக இருந்துவிட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஹெல்மெட் போட்டு ஆசை தீர மிதிக்க நினைக்கிறவர்கள்தான் வருவார்கள். தெருவில் நாள் முழுக்க மிதிக்காத பிரேக்கை டிராக்கில் இரண்டு சுற்றில் மிதித்துவிடுவார்கள். அதனால் பிரேக் வேலை என்றால் அவள் யாரையும் நம்பமாட்டாள்.

அவர் அப்படியில்லை. பிரேக் போல்ட்டை முதலில் சாதாரண ஸ்பேனரால் கையளவில் முறுக்கி, உடனே மஞ்சள் கோடு போட்டுவிடுவார். அப்புறம்தான் டார்க் ரெஞ்சைத் தேடுவார். அது ஒரு நீளமான ஸ்பேனர். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்'கென்று சத்தம் கொடுக்கும். இதில் அவர்களுக்குள் ஒரு டீ பந்தயம். கோடு உடையாமலே டக் கேட்டால் அவர் ஜெயித்தார். டீ அவள் போட வேண்டும். உடைந்தால் அவர் போட வேண்டும். பத்துக்கு ஒன்பது தடவை டீ போட்டது அவள்தான். மீதி ஒரு தடவையும் கோடு நூலளவுக்குத்தான் விலகியிருக்கும்.

"யோவ், இது பிரேக்கு. உன் வீர விளையாட்டெல்லாம் இதுல வச்சுக்காத" என்பாள். வீட்டில் 'என்னங்க', பட்டறையில் கோபம் வந்தால் 'யோவ்'. அவரும் அந்த யோவைக் கேட்பதற்காகவே சில காரியங்களைச் செய்தார் என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. உதாரணத்துக்கு, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் அவருக்கு ஜென்மத்தில் கிடையாது. ஸ்பேனர் தரையில், ரெஞ்ச் டயர் மேல், சுத்தியல் பெஞ்சுக்கு அடியில். பின்னாலேயே போய்ப் பொறுக்கிச் சுவரில் மாட்டுவது அவள் தலையெழுத்து.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவர் பட்டறைக் குழாயடியில் விழுந்தார். அவள் பத்தடி தள்ளி வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே, இந்த மனுஷன் எத்தனை நேரம்தான் கை கழுவுவார் என்று எரிச்சலோடு வெளியே வந்து பார்த்தாள்.

"மாரடைப்பு. ஒரு நொடிதாம்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அவளும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் குழாயடியில் குனிந்திருந்த நேரம், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாமான்கள் வரிசையாகத் தொங்கின. டார்க் ரெஞ்ச் அதன் ஆணியில் தொங்கியது. அந்த நாளில் அவளுக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

அவள் அழவில்லை. அடக்கிக்கொண்டாள் என்று சொன்னால் பொய், வரவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் முதல் வாரம் 'பாவம் அதிர்ச்சி' என்றார்கள், மூன்றாம் வாரம் 'கல்நெஞ்சம்' என்றார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், பட்டறையைத் திறந்தாள், மூடினாள். ஒருநாள் சூடான சைலன்சரில் முழங்கை பட்டது. தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். மருந்து தடவும்போதும் யாரோ ஒருத்தியின் கைக்குத் தடவுவதைப் போலத்தான் இருந்தது.

பட்டறையின் கடைசி மூலையில், உறை போட்டு, ஸ்டாண்டுகள் மேல் ஒரு கார் நின்றது. கொழுந்தனின் கார். கொழுந்தன் பல் டாக்டர். எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுகிற சாது. அவனிடம் போய் "ஒரே ஒரு தடவை டிராக்ல ஓட்டிப் பாருடா, அப்புறம் ஊசியைக் கையால தொடமாட்ட" என்று ஓதி ஓதி, டர்போ வைத்த ஒரு சிவப்புக் காரை வாங்க வைத்தது அண்ணன்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் செய்துகொண்டிருந்த வேலையும் அதே காரில்தான். முன்பக்க இடது சக்கரத்துக்குப் புது பிரேக் மாட்டியிருந்தார். மற்ற மூன்றும் அப்படியே கிடந்தன.

மூன்று வாரத்துக்கு முன்னால் கொழுந்தன் வந்தான். உறையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான், மறுபடி மூடினான்.

"அண்ணி, அண்ணன் டிராக்ல என் பேரைக் குடுத்து வச்ச நாள் வருது. ஓட்டலாம்னு இருக்கேன். உங்களால முடியலைன்னா வேற எடத்துல..."

"வேற எடமா? அவனுங்க பாதி வேலையில காரைக் குடுத்துடுவானுங்க. நானே பண்றேன்."

அன்று சாயங்காலம் மாமியார் ஃபோனில் வந்தார். "ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சும்மா. நீ எல்லாத்தையும் பார்த்துட்டேன்னு உன் வாயால சொல்லு, இவனை அனுப்பறேன்."

"பார்த்துட்டுச் சொல்றேன் அத்தை."

வேலையை ஆரம்பித்தாள். பின் சீட்டைக் கழற்றினாள், ஸ்டெப்னியை எடுத்தாள், மிதியடிகளை அள்ளிப் போட்டாள். என்ஜின் ஆயில் மாற்றினாள். சீக்கிரம் கொதிக்காத ரக பிரேக் ஆயிலை ஊற்றி, குழாய்களில் இருந்த காற்றைக் குமிழி குமிழியாக வெளியே எடுத்தாள். மூன்று சக்கரங்களுக்குப் புது பிரேக் மாட்டி, ரெஞ்ச் வைத்து, டக் கேட்டு, வெள்ளைக் கோடு போட்டாள். கை வேலை செய்தது, அவள் பக்கத்தில் இருந்தாள்.

நான்காவதற்கு வந்தபோது, இரண்டு போல்ட்டுகளிலும் மஞ்சள் கோடு இருந்தது. கோட்டின் முடிவில் பேனாவைச் சுண்டி எடுக்கிற அவருடைய சின்ன வால் இருந்தது. தின்னரில் நனைத்த துணி அவள் கையில் தயாராக இருந்தது. துடைக்க வேண்டும், தளர்த்த வேண்டும், மறுபடி முறுக்க வேண்டும். சட்டம் போட்டவளே அவள்தான்.

துணியைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினாள். 'அவர் கை தப்பாது, நேரம்தான் மிச்சம்' என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. துடைத்துவிட்டால் அப்புறம் அது இருக்காது. மாமியாருக்கு ஃபோன் போட்டாள். "எல்லாம் பார்த்துட்டேன் அத்தை" என்றாள். குரல் பிசிறவில்லை.

சனிக்கிழமை காலை, டிராக்கில் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடித்த சோதனைக்காரர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார். சிவப்புக் காரின் கதவுகளில் டேப்பால் 27 என்று ஒட்டியிருந்தது. சோதனைக்காரர் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், சக்கரக் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தார்.

"எல்லாம் வெள்ளை. இது மட்டும் என்ன மஞ்சள்?"

"அது அவர் போட்டதுங்க."

சோதனைக்காரருக்கு அவரைத் தெரியும். டார்ச்சை அணைத்தார். கோடு உடையவில்லை, அவருக்கு அது போதும். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

கொழுந்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் கிளம்பினான். முதல் சுற்று எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும், டயர் சூடாவதற்கு. அதன் பிறகு அவரவர் சாமர்த்தியம். அவள் டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வயதான ஜோடி. கணவர் சக்கரத்தைச் சரிபார்த்துவிட்டு ரெஞ்சைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். மனைவி முணுமுணுத்துக்கொண்டே குனிந்து எடுத்தாள். "எங்க எடுத்தீங்களோ அங்க வச்சா கை ஒடிஞ்சா போகும்?"

அவளுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. நம்ம கேஸ்தான் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அது உறைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டார்க் ரெஞ்ச் ஆணியில் தொங்கியது. அவள் மாட்டவில்லை, அவள் காலையிலிருந்து காருக்கு அடியில் கிடந்தாள். அவர் மாட்டியிருக்கவே மாட்டார், தலைகீழாக நின்றாலும் மாட்டமாட்டார். ஆணியில் தொங்கியது என்றால், அவர் அதை எடுக்கவே இல்லை. அந்த போல்ட்டுகள் கையளவு இறுக்கத்தில்தான் நிற்கின்றன.

எழுந்து ஓடினாள். டிராக் ஓரத்தில் கொடி வைத்திருந்தவரின் சட்டையைப் பிடித்தாள்.

"இருபத்தேழைக் கூப்பிடுங்க! உடனே!"

"என்னம்மா ஆச்சு? நல்லாத்தானே போறாரு?"

"பிரேக் போல்ட்டு. நான் பார்க்கல. பார்த்தேன்னு பொய் சொல்லிட்டேன். கூப்பிடுங்க!"

அவர் 27 என்ற பலகையைத் தூக்கிக் கொடியைக் காட்டினார். சிவப்புக் கார் அப்போதுதான் முதல் சுற்றை முடித்து, அவர்களைத் தாண்டி, முதல் முறையாக முழு வேகம் எடுத்துப் போனது. கொழுந்தன் பலகையைப் பார்த்தானா இல்லையா தெரியவில்லை. நேர்பாதையின் முடிவில் ஒரு வளைவு. அங்கே எல்லோரும் மிதித்தாக வேண்டும். அவள் டிராக் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரேக் விளக்கு எரிந்தது. கார் வளைந்தது. இன்னும் எட்டு வளைவு. ஒவ்வொன்றுக்கும் அவள் காலும் தரையில் மிதித்தது. அம்மா, அத்தை, சாமி என்று வாயில் வந்ததையெல்லாம் கூப்பிட்டாள்.

கார் உள்ளே வந்தது.

"என்ன அண்ணி? நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இறங்கு."

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினாள். புழுதி படிந்த மஞ்சள் கோடுகள் இரண்டும் உடையாமல் நேராக இருந்தன. ஒரு கணம் நின்றாள். அவர் கை ஆயிற்றே. டக்கென்று கேட்டுவிட்டால் டீ அவள் கணக்கு. சாமி, ஜெயிச்சுடட்டும் என்று நினைத்தாள்.

ரெஞ்சை மாட்டி இழுத்தாள். டக் கேட்கவில்லை. போல்ட் வெண்ணெயாகச் சுழன்றது. மஞ்சள் கோடு உடைந்து, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாகப் பிரிந்தது. இன்னும் சுழன்றது. கிட்டத்தட்ட அரைச் சுற்று போன பிறகுதான் டக் வந்தது. கீழ் போல்ட்டும் அப்படியே.

நூலளவுக்கு மேல் தப்பாத கை. அரைச் சுற்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அது கவனக்குறைவு இல்லை. அந்தக் கையில் பலமே இருந்திருக்காது. இந்த போல்ட்டை முறுக்கும்போதே அவருக்கு வலித்திருக்கிறது. வலியோடு முறுக்கி, வலியோடு கோடு போட்டு, வாலையும் சுண்டிவிட்டு, முகம் கழுவினால் சரியாகிவிடும் என்று குழாயடிக்குப் போயிருக்கிறார். ஒரு நொடியாம். அவருக்கே தெரியாதாம். பத்தடி தூரத்தில் பெண்டாட்டி படுத்திருந்தாள்.

"யோவ்!"

கூடாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ், கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ? பத்தடிய்யா! பத்தடியில நான் இருந்தேன்! கூப்பிட்டா வந்திருக்கமாட்டேனா? கோடு போடத் தெம்பு இருந்துச்சு, என்னைக் கூப்பிடத் தெம்பு இல்லையா உனக்கு?"

தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெஞ்ச் கையிலிருந்து நழுவிச் சிமெண்டில் விழுந்தது. வாய்விட்டு அழுதாள். மூக்கும் வாயும் ஒழுக, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். முழங்கைத் தழும்பு திடீரென்று எரிந்தது. கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளே அவன் கண்ணாடி பனித்துப்போயிருந்தது.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான். "கோடு உடைஞ்சுடுச்சா அண்ணி?"

"உடைஞ்சுடுச்சு."

"அப்ப டீ அண்ணன்தானே போடணும்?"

"ஆமா தம்பி. போட்டுட்டுப் போயிருக்கணும்."

எழுந்து துணியைத் தின்னரில் நனைத்தாள். மஞ்சளைத் துடைத்தாள், வால் உட்பட. இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, முதலிலிருந்து முறுக்கி, டக் கேட்டு, வெள்ளைக் கோடு போட்டாள். பிறகு மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினாள்.

"அதெல்லாம் நீங்க பண்ணதுதானே அண்ணி? எதுக்கு மறுபடி?"

"பண்ணப்ப நான் இல்ல" என்றாள்.

முடிந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு அவள் போட்ட இடத்தில், தரையிலேயே ரெஞ்ச் கிடந்தது. கொழுந்தன் குனிந்து அதை எடுக்கப் போனான்.

"இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை உண்மையைச் சொல்ல மாமியாருக்கு ஃபோன் போட்டாள்.